மெனுவுக்குள்ளேயே கிடக்கும் வசதிகள்: உங்கள் இசை மென்பொருளில் நீங்கள் இன்னும் தொடாதது எது?

#1 | தாளக்கட்டு

புது பிளகின் (மென்பொருளுக்குள் செருகும் துணைக்கருவி) தேடி இறக்குவதற்கு முன், கையில் இருக்கும் மென்பொருளில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று துழாவத்தான் இந்த இழை. (டிஜிட்டல் ஆடியோ ஒர்க்ஸ்டேஷன், அதாவது டிஏடபிள்யூ, என்பதைச் சுருக்கி 'டாவ்' என்று எழுதினால் கதை வேறு பக்கம் போய்விடும். மென்பொருள் என்றே வைத்துக்கொள்வோம்.) ஒரே நிபந்தனை: "இந்த வசதி சூப்பர்" என்று மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். எந்த மெனு, எந்த பட்டன், என்ன எண், எங்கே சறுக்கும், ஏன் சறுக்கும், அத்தனையும் வேண்டும்.

முதல் போணி என்னுடையது: ரெக்கார்ட் அழுத்தாமல் வாசித்ததை மீட்பது. கீபோர்டில் விரல் போன போக்கில் வாசிக்கும்போது நல்லதாக ஒன்று விழும், ரெக்கார்ட் ஓடியிருக்காது. பெரும்பாலான மென்பொருள்கள் அந்த மிடியை (எந்தக் கீ, எப்போது, எவ்வளவு அழுத்தம் என்ற குறிப்பு, ஒலி அல்ல) சத்தமில்லாமல் சேர்த்து வைத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

ஏபிள்டன் லைவ்: 2018-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்து 'கேப்சர் மிடி' உண்டு. மேலே ரெக்கார்ட் பட்டனுக்குப் பக்கத்தில் சிறிய சதுர அடைப்பு போன்ற ஐகான். ஷார்ட்கட் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + சி.

லாஜிக் புரோ: ஷிஃப்ட் + ஆர். பெயர் 'கேப்சர் ஆஸ் ரெக்கார்டிங்'. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது கூடவே வாசித்ததை ரீஜனாக இறக்கித் தரும்.

கியூபேஸ்: 'ரெட்ரோஸ்பெக்டிவ் ரெக்கார்ட்'. ஷிஃப்ட்டோடு நம்பர் பேடில் உள்ள நட்சத்திரக் குறி. லேப்டாப்பில் நம்பர் பேட் இல்லாதவர்கள் கீ கமாண்ட்ஸ் விண்டோவில் இதற்கு வேறு கீ போட்டுக்கொள்ளலாம்.

எஃப்எல் ஸ்டுடியோ: டூல்ஸ் மெனு, 'டம்ப் ஸ்கோர் லாக் டு செலக்டட் பேட்டர்ன்'. கடைசி எத்தனை நிமிடம் வேண்டும் என்று கேட்கும். பெயரைக் கவனியுங்கள்: தேர்வில் இருக்கும் பேட்டர்னில் கொட்டும். ஆகவே முதலில் காலி பேட்டர்ன் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கொட்டுங்கள்.

#2 | பஃபர்256

நல்ல ஆரம்பம். மூன்று சேர்க்கை.

லைவில் டிராக் ஆர்ம் (ரெக்கார்டுக்குத் தயார்) ஆகியிருக்க வேண்டும், அல்லது மானிட்டர் 'இன்' நிலையில் இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் மிடி அந்த டிராக்குக்கு வந்து சேரவே இல்லை, பிறகு எதைப் பிடிக்கும்? கியூபேஸிலும் இதே கதைதான். "கேப்சர் வேலை செய்யவில்லை" என்று வரும் கேள்விகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

இரண்டாவது, இவை எல்லாம் மிடிக்கு மட்டும். பாடியதையோ கிட்டாரையோ இப்படி மீட்க முடியாது. ஆனால் கியூபேஸில் ஆடியோவுக்கு ஒரு வழி இருக்கிறது: பிரிஃபரன்ஸ், ரெக்கார்ட், ஆடியோ பகுதியில் 'ஆடியோ ப்ரீ-ரெக்கார்ட் செகண்ட்ஸ்'. 20 என்று வைத்தால், ரெக்கார்ட் அழுத்திய நொடிக்கு 20 நொடி முன்பிருந்து ஆடியோ இருக்கும். கிளிப்பின் இடது ஓரத்தைப் பின்னால் இழுத்தால் வெளியே வரும். பல்லவியின் முதல் எழுத்து நறுக்குப்பட்டால் மறுபடி பாட வேண்டியதில்லை.

மூன்றாவது, லைவில் காலி செட்டில் (புராஜெக்டில்) கேப்சர் அடித்தால் டெம்போவையும் அதுவே ஊகித்துப் போட்டுவிடும். ஏற்கெனவே கிளிப் இருக்கும் செட்டில் உங்கள் டெம்போவைத் தொடாது.

#3 | சுருதிப்பெட்டி

அந்த ஊகம்தான் எனக்குப் புரியல அண்ணே. மெதுவா 70-ல வாசிச்சா 140-ன்னு போடுதே? நோட்டெல்லாம் சரியாத்தான் இருக்கு, பார் கணக்குதான் இரட்டிப்பா வருது.

#4 | பஃபர்256

மெட்ரோனோம் இல்லாமல் வாசித்த நோட்டுகளிலிருந்து 70-ஆ 140-ஆ என்று கணக்கால் சொல்லவே முடியாது. நீங்கள் எட்டில் ஒன்றாக நினைத்து வாசித்ததை அது நான்கில் ஒன்றாக எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். கிளிப் வியூவில் ':2', '*2' என்று இரண்டு பட்டன் இருக்கும். ':2' அழுத்தினால் நோட்டுகளின் நீளமும் இடைவெளியும் பாதியாகும். பிறகு டெம்போவை 70 என்று கையால் போடுங்கள். இரண்டையும் செய்தால்தான் காதுக்கு அதே வேகத்தில் கேட்கும். ஒன்றை மட்டும் செய்தால் பாட்டு இரண்டு மடங்கு ஓடும், அல்லது நொண்டும்.

முதல் பீட் தவறான இடத்தில் விழுந்திருந்தால் நோட்டுகளை நகர்த்தாதீர்கள். கிளிப்பின் ஸ்டார்ட் மார்க்கரையும் லூப் பிரேஸையும் சரியான நோட்டுக்கு இழுங்கள். நோட்டை நகர்த்தினால் கிரிட்டில் ஒட்டிக்கொண்டு, வாசிப்பின் இயல்பான முன்பின் போய்விடும்.

#5 | கம்பிவாத்தியம்

மைனஸ் டிலே பற்றி யாரும் பேசுவதில்லை. ஸ்ட்ரிங்ஸ் சாம்பிள் வைத்து எழுதுகிறவர்களுக்கு இதைவிட உபயோகமான எண் வேறு கிடையாது.

பிரச்சினை இதுதான். மெதுவாக எழும் வயலின் லெகாட்டோ (நோட்டுகளை இழைத்து வாசிப்பது) சாம்பிளில், நோட் ஆன் வந்த பிறகு வில் கம்பியைப் பிடித்து ஒலி முழுமையாக நிற்பதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த நேரமும் சாம்பிளுக்குள்ளேயே பதிந்திருக்கிறது. நோட்டைக் கிரிட்டில் கச்சிதமாக வைத்தால் வயலின் எப்போதும் பின்தங்கிக் கேட்கும். பலர் நோட்டுகளையே கண்ணளவில் இடதுபக்கம் தள்ளுகிறார்கள். அப்புறம் குவான்டைஸும் (நோட்டைக் கிரிட்டில் ஒட்டுவது) செய்ய முடியாது, நொட்டேஷனும் குப்பையாகும்.

நோட்டைக் கிரிட்டிலேயே விடுங்கள், டிராக்கை முன்னால் தள்ளுங்கள்.

லைவ்: மிக்சரில் டிராக் டிலேயைத் தெரிய வைத்து, மில்லிசெகண்டில் மைனஸ் எண்.
ரீப்பர்: டிராக்கின் ரூட்டிங் விண்டோவில் 'மீடியா பிளேபேக் ஆஃப்செட்'.
கியூபேஸ்: இன்ஸ்பெக்டரில் 'டிராக் டிலே'.
லாஜிக்: ரீஜன் இன்ஸ்பெக்டரில் 'டிலே'. டிக்கிலும் மில்லிசெகண்டிலும் தரும். மில்லிசெகண்டே எடுங்கள். டிக் என்றால் டெம்போ மாறும்போது நேரமும் மாறிவிடும், சாம்பிளின் தாமதமோ டெம்போவுக்கு மாறாது.
எஃப்எல்: பிளேலிஸ்டில் ஆல்ட் அழுத்தியபடி பேட்டர்ன் கிளிப்பை இழுங்கள், ஸ்நாப்பில் ஒட்டாது. எண்ணாகப் போடுவது போல் துல்லியம் வராது, ஆனால் வேலை நடக்கும்.

எத்தனை மில்லிசெகண்ட் என்பதற்குப் பொது விடை கிடையாது, லைப்ரரிக்கு லைப்ரரி மாறும். அளந்து எடுங்கள். பாரின் முதல் பீட்டில் ஒரே ஒரு நோட் வைத்து ஆடியோவாக ரெண்டர் செய்யுங்கள். பெரிதாக்கிப் பாருங்கள். அலை தொடங்கும் இடத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது வில்லின் உரசல். ஒலி தன் முழு உயரத்தில் பாதியைத் தொடும் இடம் கிரிட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அதுதான் தொடக்க எண். அங்கிருந்து ஹைஹாட்டோடு சேர்த்துக் கேட்டு 10, 10-ஆகக் கூட்டிக் குறையுங்கள்.

சறுக்கும் இடம்: ஒரே டிராக்கில் லெகாட்டோவும் ஸ்டக்காட்டோவும் (வெட்டி வாசிப்பது) கீ ஸ்விட்ச் (வாசிப்பு முறையை மாற்றும் கீ) வைத்து மாறினால் இந்த வித்தை பலிக்காது. லெகாட்டோவுக்கு மைனஸ் 120 சரியாக இருந்தால், அதே டிராக்கின் ஸ்டக்காட்டோ அடி எல்லாரையும் முந்திக்கொண்டு விழும். ஆர்ட்டிகுலேஷனுக்கு ஒரு டிராக் என்று பிரித்தே ஆக வேண்டும்.

#6 | தாளக்கட்டு

இன்னொரு சறுக்கல்: பாட்டு முதல் பாரின் முதல் பீட்டிலேயே தொடங்கினால், மைனஸ் 120-க்குப் போக இடமே இல்லை. முதல் நோட்டின் தலை வெட்டுப்படும், அல்லது நோட்டே வராது. முன்னால் ஒரு பார் காலியாக விட்டுத் தொடங்குங்கள். ரெண்டர் செய்யும்போது வெட்டிக்கொள்ளலாம்.

#7 | சுருதிப்பெட்டி

அப்போ மைனஸ் டிலே போட்டுட்டா, நேரடியா வாசிக்கும்போதும் சீக்கிரமா கேக்குமா?

#8 | பஃபர்256

கேட்காது. ஏற்கெனவே எழுதி வைத்த நோட்டைத்தான் முன்கூட்டியே படித்து அனுப்ப முடியும். நீங்கள் இன்னும் அழுத்தாத கீயை எந்த மென்பொருளும் முன்னதாக வாசிக்காது. நேரடி வாசிப்பில் குறைக்கக்கூடியது பஃபர் (ஆடியோவைத் தொகுத்து அனுப்பும் அளவு) மட்டும்: 48,000 ஹெர்ட்ஸில் 256 சாம்பிள் என்றால் 5.3 மில்லிசெகண்ட், 512 என்றால் 10.7, 64 என்றால் 1.3. இது ஒரு பக்கக் கணக்கு. மைக், கிட்டார் என்றால் உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று; கீபோர்டுக்கு வெளியே போவது மட்டும். அதற்கு மேல் டிரைவரின் சொந்தச் செலவு. வாசிக்கும்போது தற்காலிகமாக ஸ்டக்காட்டோ பேட்ச் போட்டு வாசித்துவிட்டு, பிறகு லெகாட்டோவுக்கு மாற்றி மைனஸ் டிலே கொடுப்பதுதான் வழி.

#9 | நடுநிசி_மிக்ஸ்

ரீப்பர்காரர்கள் சார்பில் ஒன்று. 'பாராமீட்டர் மாடுலேஷன்'. எஃப்எக்ஸ் விண்டோவின் மேலே 'பாராம்' என்று ஒரு சின்ன பட்டன் இருக்கிறதே, அதற்குள் இருக்கிறது. எந்த பிளகினின் எந்தக் குமிழையும் வேறொரு ஒலியால் ஆட்டலாம். அந்த பிளகினில் சைடுசெயின் (வேறு டிராக்கின் ஒலியைக் கேட்டு இயங்கும்) வசதி இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை.

உதாரணம்: கிக் அடிக்கும்போது மட்டும் பேஸ் கிட்டாரின் 60 முதல் 80 ஹெர்ட்ஸ் பகுதி அடங்க வேண்டும், மேல்பகுதி அப்படியே நிற்க வேண்டும்.

பேஸ் டிராக்கின் ரூட்டிங்கில் டிராக் சேனல் எண்ணிக்கையை 2-இலிருந்து 4 ஆக்குங்கள். கிக் டிராக்கிலிருந்து பேஸ் டிராக்குக்கு ஒரு சென்ட். அந்த சென்ட் போய்ச்சேரும் இடம் 1/2 அல்ல, 3/4. இதைத்தான் ஆட்கள் தவறவிடுகிறார்கள். 1/2-இல் விட்டால் கிக் ஒலியே பேஸ் டிராக்குக்குள் கலந்து இரண்டு முறை கேட்கும்.

பேஸ் டிராக்கில் ரீஈக்யூ (ரீப்பரின் ஈக்வலைசர்) போட்டு, ஒரு பேண்டை 70 ஹெர்ட்ஸில் வையுங்கள். அந்த பேண்டின் கெயினை மவுஸால் ஒருமுறை லேசாக அசையுங்கள். 'பாராம்' மெனு கடைசியாகத் தொட்ட குமிழைத்தான் எடுத்துக்கொள்ளும். பாராம், பிறகு 'பாராமீட்டர் மாடுலேஷன் / மிடி லிங்க்'.

திறக்கும் விண்டோவில் 'ஆடியோ கன்ட்ரோல் சிக்னல்' டிக் செய்து, டிராக் ஆடியோ சேனல் 3/4 தேர்ந்தெடுங்கள். அட்டாக் 5, ரிலீஸ் 120 மில்லிசெகண்ட். டைரக்‌ஷன் 'நெகட்டிவ்'. ஸ்ட்ரெங்த் 10 சதவீதத்தில் தொடங்குங்கள். 100-இல் விட்டால் அந்தக் குமிழ் தன் முழு வீச்சுக்கும் ஓடும், பேஸின் அடிப்பகுதி காணாமலே போகும். கிக் அடிக்கும்போது 3 முதல் 5 டெசிபல் இறங்கினால் போதும்.

'பேஸ்லைன் வேல்யூ' என்ற ஸ்லைடர் அங்கேயே இருக்கிறது. மாடுலேஷன் போட்ட பிறகு பிளகினில் குமிழைத் திருப்பினால் அது உங்கள் பேச்சைக் கேட்காது. இனி ஓய்வுநிலை மதிப்பு அந்த ஸ்லைடரில்தான். பிளகின் பழுதாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

#10 | கம்பிவாத்தியம்

இதற்கு ரீகாம்ப்பில் (ரீப்பரின் கம்ப்ரசர்) டிடெக்டரை 'ஆக்சிலரி' ஆக்கினால் முடிந்துவிடாதா? இத்தனை சுற்று எதற்கு?

#11 | நடுநிசி_மிக்ஸ்

ரீகாம்ப் முழு பேஸையும் அமுக்கும். கிட்டாரில் விரல் உரசும் 1 கிலோஹெர்ட்ஸ் பகுதியும் கிக்கோடு சேர்ந்து மூச்சு வாங்கும். இங்கே இறங்குவது ஒரு பேண்ட் மட்டும். முழுதாகப் பம்ப் ஆகும் ஒலி வேண்டுமென்றால் ரீகாம்ப்பே போதும், தகராறு இல்லை.

எஃப்எல்லில் இதே வேலைக்கு 'ஃப்ரூட்டி பீக் கன்ட்ரோலர்'. கிக்கின் மிக்சர் டிராக்கில் போடுங்கள். போட்டதும் கிக் ஊமையாகிவிடும், பயப்பட வேண்டாம். அதிலுள்ள 'மியூட்' விளக்கு இயல்பிலேயே எரிந்துகொண்டிருக்கும், அணைத்துவிடுங்கள். பிறகு பேஸ் டிராக்கின் ஈக்யூ பேண்டில் வலது கிளிக், 'லிங்க் டு கன்ட்ரோலர்', இன்டர்னல் கன்ட்ரோலரில் பீக், மேப்பிங் ஃபார்முலாவில் 'இன்வர்டட்'. பிட்விக்கில் 'ஆடியோ சைடுசெயின்' மாடுலேட்டர். லைவில் 'என்வலப் ஃபாலோயர்', ஆனால் அதற்கு மேக்ஸ் ஃபார் லைவ் வேண்டும், சூட் பதிப்பில் அது கூடவே வரும்.

#12 | பூஜ்ய_டெசிபல்

இதுவரை வந்தவை எல்லாம் ஒலியை மாற்றும் வசதிகள். பொய்யைப் பிடிக்கும் வசதி ஒன்றைச் சொல்கிறேன். எல்லா மென்பொருளிலும் இருக்கிறது, ஒரே ஒரு பட்டன்: போலாரிட்டி மாற்றம், அதாவது அலையை மேல்கீழாகப் புரட்டுவது. ரீப்பரில் டிராக்கிலேயே வெட்டுப்பட்ட வட்டக் குறி. லைவில் 'யுட்டிலிட்டி' டிவைஸில். லாஜிக்கில் 'கெயின்' பிளகினில் ஃபேஸ் இன்வர்ட். கியூபேஸில் மிக்ஸ்கன்சோலின் 'ப்ரீ' பகுதியில்.

இதை வைத்துச் செய்வது நல் டெஸ்ட். ஒரே ஒலியின் இரண்டு பிரதியை இரண்டு டிராக்கில் போட்டு, ஒன்றைத் தலைகீழாக்கினால் கூட்டல் பூஜ்யம். மாஸ்டர் மீட்டர் அசையவே கூடாது. அசைந்தால் இரண்டும் ஒன்றல்ல. "ஃப்ரீஸ் செய்தால் (டிராக்கைத் தற்காலிக ஆடியோவாக மாற்றினால்) ஒலி தட்டையாகிறது", "இந்த மென்பொருளின் மிக்சர் சூடாக ஒலிக்கிறது" போன்ற விவாதங்களை ஐந்து நிமிடத்தில் முடித்துவைக்கும்.

படிகள்: மூல டிராக்கை ஃபேடர் 0 டெசிபலில், பேன் நடுவில் வைத்து 32 பிட் ஃப்ளோட்டில் ரெண்டர் செய்யுங்கள். 16 பிட்டில் எடுத்தால் ரவுண்டிங் அல்லது டிதர் இரைச்சல் மிச்சமாக நிற்கும், அதைப் பார்த்துக் குழம்புவீர்கள். ரெண்டர் செய்த ஃபைலைப் புது டிராக்கில், அதே தொடக்கப் புள்ளியில் வையுங்கள். புது டிராக்கில் எந்த பிளகினும் வேண்டாம். போலாரிட்டியை மாற்றி, இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள்.

மிச்சம் எவ்வளவு என்பதை வைத்தே காரணத்தைச் சொல்லலாம், அழகே அங்குதான்.

0.1 டெசிபல் மட்டும் வித்தியாசம் இருந்தால் மிச்சம் மூலத்தைவிட 38.7 டெசிபல் கீழே நிற்கும். 1 டெசிபல் வித்தியாசம் என்றால் 18.3 டெசிபல் கீழே. இந்த வகையில் மிச்சத்தின் குரல் மூலத்தைப் போலவே, சின்னதாகக் கேட்கும். காரணம் லெவல், வேறொன்றுமில்லை. ஃபேடரைப் பாருங்கள், பேன் லாவை (பேன் நடுவில் லெவல் எவ்வளவு குறையும் என்ற விதி) பாருங்கள்.

மிச்சத்தில் அடி இல்லாமல் மேல் மட்டும் சிலுசிலுவென்று கேட்டால் காரணம் நேரம். 48,000 ஹெர்ட்ஸில் ஒரே ஒரு சாம்பிள் தள்ளியிருந்தால், 100 ஹெர்ட்ஸில் மிச்சம் 37.7 டெசிபல் கீழே, 1 கிலோஹெர்ட்ஸில் 17.7 கீழே, 10 கிலோஹெர்ட்ஸில் மூலத்தைவிட 1.7 டெசிபல் மேலே.

#13 | சுருதிப்பெட்டி

மூலத்தைவிட மேலேயா? ஒன்னை ஒன்னு கழிச்சா எப்படி அண்ணே கூடும்?

#14 | பூஜ்ய_டெசிபல்

10 கிலோஹெர்ட்ஸ் அலை ஒரு சுற்று சுற்ற 48,000-ஐ 10,000-ஆல் வகுத்து 4.8 சாம்பிள் ஆகிறது. அதில் ஒரு சாம்பிள் தள்ளினால் சுற்றில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தள்ளிவிட்டீர்கள், அதாவது 75 டிகிரி. 60 டிகிரியைத் தாண்டினாலே கழித்தல் மூலத்தைவிடப் பெரிதாகிவிடும். 180 டிகிரியில் கழித்தல் முழுக் கூட்டலாகி 6 டெசிபல் ஏறும். 100 ஹெர்ட்ஸுக்கு ஒரு சுற்று 480 சாம்பிள், ஒரு சாம்பிள் அதற்குத் தூசு.

பூஜ்யமே ஆகாத பொருள்களும் உண்டு, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். கோரஸ் போல ஓயாமல் ஆடும் எஃபெக்ட், உள்ளுக்குள் மாடுலேஷன் வைத்த ரிவர்ப், ரவுண்ட் ராபின் (ஒவ்வொரு அடிக்கும் வேறு பதிவு மாறி வரும்) சாம்பிள் கொண்ட டிரம்ஸ், ஆசிலேட்டர் ஒவ்வொரு முறையும் வேறு ஃபேஸில் தொடங்கும் சிந்த். இவை இரண்டு முறை ஓட்டினால் இரண்டு முறையும் வேறு. ஃப்ரீஸ் மீது பழி போடாதீர்கள். எம்பி3 ஃபைலையும் இதில் கொண்டுவர வேண்டாம். என்கோடர் தொடக்கத்தில் சிறிது மௌனம் சேர்த்துவிடும், நேரமே பொருந்தாது.

#15 | தாளக்கட்டு

இழையின் தரத்தை உயர்த்திவிட்டீர்கள். நான் கொஞ்சம் இறக்குகிறேன். எஃப்எல் பியானோ ரோல், பெரும்பாலும் யாரும் தொடாத சில கீகள்:

ஆல்ட் + எஸ், ஸ்ட்ரம். ஒரே நேரத்தில் விழும் கார்டைக் கிட்டார் போல வரிசையாக அவிழ்க்கும். நோட்டின் தொடக்கத்தை மட்டும் சிதறவிட்டால் போதும்.
ஆல்ட் + கே, தேர்ந்த ஸ்கேலுக்கு வெளியே போன நோட்டுகளை உள்ளே இழுக்கும். வேண்டுமென்றே வைத்த அந்நிய ஸ்வரத்தையும் சேர்த்து இழுக்கும், ஜாக்கிரதை.
ஆல்ட் + வி, மற்ற சேனல்களின் நோட்டுகள் மங்கலாகப் பின்னால் தெரியும். பேஸ் எழுதும்போது கார்ட் கண்முன் இருக்கும்.
டூல்ஸ் மெனுவில் 'லாஸ்ட் ட்வீக்ட்': கடைசியாகத் தொட்ட குமிழுக்கு ஆட்டோமேஷன் கிளிப். வலது கிளிக் மெனு வராத வெளி பிளகின்களுக்கு இதுதான் கதி.

ஸ்லைடு நோட்: மேலே முக்கோண ஐகான். அதை ஒளிரவிட்டு வரைந்த நோட் ஒலிக்காது. ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருக்கும் நோட்டைத் தன் சுருதிக்கு இழுக்கும், தன் நீளம் எவ்வளவோ அவ்வளவு நேரம் எடுத்து. ஒரே நிற நோட்டுகளுக்குள்தான் செல்லுபடி. பச்சை ஸ்லைடு நீல நோட்டை இழுக்காது.

#16 | பஃபர்256

ஸ்லைடு நோட் எஃப்எல்லின் சொந்தக் கருவிகளுக்கு மட்டும். விஎஸ்டி (வெளி பிளகின்) சிந்த்தில் போட்டால் ஒன்றுமே நடக்காது. அங்கே பிட்ச் பெண்ட்தான். அதிலும் ஒரு பொறி: பெண்ட் என்பது 0 முதல் 16,383 வரை வெறும் எண், நடு 8,192. அந்த எண் எத்தனை ஸ்வரம் என்பதை சிந்த்தான் முடிவு செய்கிறது. இயல்பாகப் பல சிந்த்கள் மேலும் கீழும் 2 செமிடோன். நீங்கள் ஒரு ஆக்டேவ் வழுக்க நினைத்து முழுதாக வரைந்தாலும் 2-தான் ஏறும். சிந்த்துக்குள் போய் பெண்ட் ரேஞ்சை 12 ஆக்குங்கள். ஆக்கிய பிறகு பழைய பெண்டுகள் எல்லாம் ஆறு மடங்காகும், அவற்றையும் திருத்த வேண்டும். இழைவு அதிகம் உள்ள மெலடி என்றால், ரேஞ்சை முதலிலேயே முடிவு செய்துவிட்டு எழுத ஆரம்பிப்பது உத்தமம்.

ஸ்ட்ரம் பற்றியும் ஒரு வார்த்தை. எஃப்எல்லின் இயல்பான டைம்பேஸ் 96 பிபிக்யூ, அதாவது ஒரு பீட்டுக்கு 96 டிக். 120 டெம்போவில் ஒரு டிக் 5.2 மில்லிசெகண்ட். அதைவிட நுணுக்கமாக நோட்டை நகர்த்த முடியாது. புராஜெக்ட் ஜெனரல் செட்டிங்ஸில் 960 ஆக்கினால் 0.52 ஆகும். ஸ்ட்ரம் படிக்கட்டு போலக் கேட்டால் காரணம் இதுவாக இருக்கலாம்.

#17 | நடுநிசி_மிக்ஸ்

ரீஃபிர். ஃபேன் இரைச்சல் நீக்க இதற்கென்று தனி மென்பொருள் தேடுகிறார்கள், இது ரீப்பரோடேயே வருகிறது. ரீப்பர் இல்லாத விண்டோஸ்காரர்களுக்கு ரீபிளக்ஸ் தொகுப்பில் இலவச விஎஸ்டியாகவும் கிடைக்கும்.

மோடில் 'சப்ட்ராக்ட்'. பாட்டு இல்லாத, இரைச்சல் மட்டும் உள்ள 2, 3 நொடியை லூப் செய்யுங்கள். 'ஆட்டோமேட்டிக்கலி பில்ட் நாய்ஸ் புரொஃபைல்' டிக் செய்து ஓட்டுங்கள். சிவப்புக் கோடு இரைச்சலின் உருவத்தை எடுத்து நிற்கும். நின்றதும் டிக்கை எடுங்கள். எடுக்காமல் பாட்டை ஓட்டினால் குரலையும் இரைச்சல் என்று கற்றுக்கொண்டு, நாலாவது வரியில் பாடகரையே அழித்துவிடும்.

#18 | பூஜ்ய_டெசிபல்

ஒரு மறுப்பு. ரீஃபிரைக் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்காதீர்கள். எஃப்எஃப்டி (ஒலியை அலைவரிசைப் பட்டைகளாகப் பிரிக்கும் கணக்கு) அளவு 4096 என்றால் 48,000 ஹெர்ட்ஸில் ஒரு பட்டை 11.7 ஹெர்ட்ஸ் அகலம், நேரத்தில் 85 மில்லிசெகண்ட் ஜன்னல். இரைச்சல் குரலுக்கு அருகில் வந்தாலே அந்தப் பட்டைகள் மாறி மாறி அணைந்து எரியும். அதுதான் தண்ணீருக்கடியில் பாடுவது போன்ற 'க்ளுக் க்ளுக்'. அளவைக் கூட்டினால் அலைவரிசை துல்லியமாகும், ஆனால் ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் முன்னால் மங்கலான நிழல் கேட்க ஆரம்பிக்கும்.

மின்சார ஹம் மட்டும்தான் என்றால் இது தேவையே இல்லை. 50 ஹெர்ட்ஸ், அதன் மடங்குகளான 100, 150, 200-இல் குறுகிய நாட்ச் (ஒரு அலைவரிசையை மட்டும் வெட்டும் ஈக்யூ) நான்கு போதும். (மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 60, 120, 180, 240.) குரலுக்குச் சேதம் மிகக் குறைவு.

#19 | நடுநிசி_மிக்ஸ்

ஒப்புக்கொள்கிறேன். சிவப்புக் கோட்டை முழு ஆழத்தில் விடாமல், கன்ட்ரோல் அழுத்தியபடி மொத்தமாக 6 டெசிபல் கீழே இழுத்துவிட்டால் க்ளுக் பெருமளவு குறையும். இரைச்சலை ஒழிக்க வேண்டாம், பாட்டுக்குள் மறையும் அளவுக்கு அடக்கினால் போதும்.

#20 | கம்பிவாத்தியம்

லைவ்காரர்களுக்கு: நல்ல வாசிப்புள்ள ஆடியோ லூப்பில் வலது கிளிக், 'எக்ஸ்ட்ராக்ட் க்ரூவ்'. அந்த வாசிப்பின் முன்பின்னும் அழுத்தமும் க்ரூவ் பூலுக்கு வரும். மிடி கிளிப்பில் தேர்ந்தெடுத்து, 'டைமிங்' 60, 'வெலாசிட்டி' 30 அளவில் தொடங்குங்கள். 'பேஸ்' (அடிப்படைக் கிரிட் அளவு) 1/16 இருக்கட்டும். லாஜிக்கில் ரீஜனின் குவான்டைஸ் மெனுவில் 'மேக் க்ரூவ் டெம்ப்ளேட்'. கியூபேஸில் சாம்பிள் எடிட்டரின் ஹிட்பாயிண்ட்ஸ் பகுதியில் 'கிரியேட் க்ரூவ்'.

தவறும் இடம்: லூப்பின் வார்ப் மார்க்கர் (ஆடியோவைக் கிரிட்டோடு கட்டும் குறி) தப்பாக இருந்தால் க்ரூவும் தப்பு. மென்பொருள் பார்ப்பது கிரிட்டுக்கும் அடிக்கும் உள்ள தூரத்தை. கிரிட்டே கோணலாக இருந்தால் அந்தக் கோணலைத்தான் ஸ்விங் என்று நினைத்துக்கொள்ளும். எடுப்பதற்கு முன் மெட்ரோனோமோடு ஒருமுறை ஓட்டிக் கேளுங்கள்.

'கமிட்' அழுத்தினால் க்ரூவ் நோட்டுகளில் நிரந்தரமாகப் பதியும், அதன் பிறகு சதவீதம் மாற்ற முடியாது. மிக்ஸ் முடியும்வரை தொடாதீர்கள்.

#21 | தாளக்கட்டு

சின்னது ஒன்று, ரீப்பர். ரெண்டர் விண்டோவில் 'ட்ரை ரன்'. ஃபைல் எதுவும் எழுதாமல் முழுப் பாட்டையும் வேகமாக ஓட்டி, எல்யூஎஃப்எஸ் இன்டக்ரேட்டடும் (முழுப் பாட்டின் சராசரி உரப்பு) உச்ச அளவும் சொல்லிவிடும். மீட்டரை வைத்துக்கொண்டு நாலரை நிமிடம் உட்கார்ந்து பார்க்க வேண்டாம்.

#22 | சுருதிப்பெட்டி

முதல் பதிவுக்கே திரும்பிப் போறேன். ஸ்கோர் லாக், கேப்சர் எல்லாம் வருது. மீட்ட பியானோவை நடுவுல வெட்டி லூப் பண்ணினா, முதல் கார்ட் மட்டும் டக்குன்னு அறுந்துபோகுது. முழுசா ஓட்டினா சரியா இருக்கு. வெட்டாம இருக்கறதைத் தவிர வேற வழி இருக்கா?

#23 | பஃபர்256

பெடல். சஸ்டெய்ன் பெடல் மிடியில் சிசி (கன்ட்ரோலர் செய்தி) 64. சாதாரண ஆன்/ஆஃப் பெடல் என்றால் அழுத்தும்போது ஒருமுறை 127, விடும்போது ஒருமுறை 0, இடையில் எதுவும் வராது. நீங்கள் வெட்டிய இடத்துக்கு முன்னால் அந்த 127 நின்றுவிட்டது. வெட்டிய துண்டுக்குப் பெடல் அழுத்தியிருப்பது தெரியாது, கை எடுத்ததும் நோட் செத்துவிடுகிறது.

கியூபேஸ், லாஜிக் இரண்டிலும் 'சேஸ்' செட்டிங் இருக்கிறது. எங்கிருந்து ஓட்டினாலும் அதற்கு முந்தைய சிசி மதிப்பைத் தேடி அனுப்பும். சேஸ் பட்டியலில் கன்ட்ரோலர் டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் துண்டைத் தனியாக நகலெடுத்து வேறிடத்தில் வைத்தால் சேஸுக்கும் தேட எதுவும் இல்லை. அங்கே கையால்தான்: துண்டின் முதல் நோட்டுக்கு ஒரு டிக் முன்பாவது அல்லது அதே டிக்கிலாவது சிசி 64-இல் 127, துண்டின் கடைசி டிக்கில் 0. கடைசி 0-வை மறந்தால் லூப் திரும்பும்போது முந்தைய கார்ட் அடுத்த கார்டுக்கு மேல் படிந்து சேறாகும்.

#24 | சுருதிப்பெட்டி

127 போட்டதும் சரியாயிடுச்சு. சேறும் வந்துச்சு, 0 போட்டதும் போயிடுச்சு.